தகட்டின் தடிப்பு: அங்குலமும் மில்லிமீற்றரும் உடன்பட்ட வரலாறு

ஒரு பொருளின் நீள அகலங்களைக் கண்ணாற் கண்டு ஒருவாறு மதிப்பிடல் கூடும். தடிப்போ அங்ஙனம் எளிதில் அகப்படுவதன்று. ஒரு யார் துணியை அளக்கும் வணிகன் அரைக்கால் அங்குலம் பிழைப்பானாயின் அதனால் விளையுங் கேடு சிறிது. நீராவிக் கொதிகலத்தின் சுவர்த் தகடு அதே அரைக்கால் அங்குலம் மெலிந்திருப்பின் அதனருகில் நின்று தொழில் செய்வோரின் உயிருக்கே இறுதி நேர்தல் கூடும். எனவே, அளவைகளின் வரலாற்றிலே தடிப்பை அளந்த வரலாறு தனித்து நோக்கற்பாலது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலுலகம் இருவகை அளவைகளைக் கையாண்டது. பிரித்தானியப் பேரரசும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் அங்குலத்தைப் பற்றி நின்றன. ஐரோப்பியக் கண்டத்து நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மீற்றரைத் தழுவின. இன்று ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். இவ்வெண் இயற்கையிற் கண்டெடுக்கப்பட்டதன்று; மாந்தர் பல்லாண்டு முரணிப் பின்னர் உடன்பட்டு வகுத்துக் கொண்டது. அவ்வுடன்பாடு எய்தப்பட்ட வகையையும், அதன் பின்னரும் தீராது எஞ்சிய இடரையும் முறையே காண்போம்.

தகடு செய்வோரும் கம்பி இழுப்போரும் தொடக்கத்தில் அங்குலத்தையோ மீற்றரையோ கருதினாரல்லர். உலோகக் கோலைத் துளையொன்றினூடே இழுத்து மெலிதாக்குவர். அதனிலுஞ் சிறிய துளையினூடே மீண்டும் இழுப்பர். எத்தனையாவது துளையினூடு கம்பி வந்ததோ அத்தொகையே அதன் எண்ணாயிற்று என்பர். எண் பெருகப் பெருகக் கம்பி மெலிதாதல் இதனாலேயே. இவ்வெண்ணே கேஜ் எனப்பட்டது. விளிம்பில் வெட்டுவாய்கள் அமைந்த உருக்குத் தட்டொன்றில் தகட்டைச் செருகி, எவ்வாயில் இறுகப் பொருந்துகின்றதோ அவ்வாயின் எண்ணைக் கூறுதல் வழக்கம். பேர்மிங்ஹாம் நகரத்துக் கேஜ் இவற்றுள் புகழ் வாய்ந்தது.

இம்முறையின் குறைபாடு யாதெனின், ஒவ்வொரு பட்டறையும் தனக்கெனத் தனிக் கேஜ் வைத்திருந்தமையாம். ஒரே எண் பல தடிப்புக்களைக் குறித்தது. அமெரிக்காவிலே பிரவுண், ஷார்ப் என்போரின் நிறுவனம் 1857 ஆம் ஆண்டில் இக்குழப்பத்தைக் களைய முற்பட்டது. மிகப் பருமையான கம்பிக்கு 0.46 அங்குலமும் 36 ஆம் எண்ணுக்கு 0.005 அங்குலமும் எனக் கொண்டு, இடைப்பட்ட எண்கள் யாவும் ஒரே விகிதத்திற் குறைந்து செல்லுமாறு பெருக்கல் விருத்தியாக அமைத்தது. இங்கிலாந்திலோ 1883 ஆம் ஆண்டில் அரசாணையொன்றினால் வேறொரு நியமக் கேஜ் வகுக்கப்பட்டு, 1884 மார்ச் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. 1893 இல் அமெரிக்கச் சட்டமன்றம் இரும்புத் தகடுகளுக்கென மற்றுமொரு கேஜை ஏற்படுத்தியது. குழப்பத்தைத் தீர்க்க எழுந்த முயற்சி ஒவ்வொன்றும் குழப்பத்துக்கு ஒன்றைக் கூட்டிற்று.

16 ஆம் எண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பழைய பேர்மிங்ஹாம் கேஜில் அது 0.065 அங்குலம், மில்லிமீற்றரிற் கூறின் 1.651. பிரித்தானிய நியமக் கேஜில் 0.064 அங்குலம், அதாவது 1.626 மில்லிமீற்றர். அமெரிக்கத் தகட்டுக் கேஜில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.5875 மில்லிமீற்றர். பிரவுண், ஷார்ப் கேஜிலோ 0.0508 அங்குலம், அதாவது 1.290 மில்லிமீற்றர். முதலாவதற்கும் இறுதியானதற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கிற்கு மேலாகும். எண்ணை மட்டும் கடிதத்தில் எழுதித் தகடு வரவழைத்த தொழிலதிபன் எதனைப் பெறுவான் என்பது அனுப்புவோன் கையிலிருந்த கேஜைப் பொறுத்ததாயிற்று.

இந்நிலையை மாற்றிய கருவி பிரான்சிலே தோன்றியது. 1848 ஆம் ஆண்டில் பால்மர் என்பார் திருகொன்றின் சுழற்சியைக் கொண்டு தடிப்பை அளக்குங் கருவிக்கு உரிமம் பெற்றார். 1867 ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் பிரவுணும் ஷார்ப்பும் அதனைக் கண்டு, தாய்நாடு மீண்டு, அடுத்த ஆண்டே சட்டைப்பையில் அடங்குந் தகடளக்குங் கருவியொன்றை விற்பனைக்கு விட்டனர். ஆய்வுகூடங்களில் மாணவர் கையாளும் நுண்மானித் திருகுக் கணிச்சி இதன் வழிவந்ததே. அங்குலக் கணிச்சியில் ஓர் அங்குலத்துக்கு நாற்பது புரிகள். சுழலும் உறையில் இருபத்தைந்து பிரிவுகள். ஆகவே ஒரு பிரிவு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றைக் காட்டும். மீற்றர் கணிச்சியில் புரியிடை அரை மில்லிமீற்றர், பிரிவுகள் ஐம்பது, ஒரு பிரிவு மில்லிமீற்றரின் நூறில் ஒன்று. இக்கருவி பரவிய பின்னர் தகட்டின் தடிப்பைப் பட்டறை எண்ணாற் கூறவேண்டிய தேவை ஒழிந்தது; உண்மையளவால் கூறுதல் இயல்வதாயிற்று. ஆயின், உண்மையளவு என்பது யாது? எவருடைய அங்குலம்? எவருடைய மீற்றர்? இவ்வினாக்கள் அப்பொழுதுதான் தொழிற்சாலை வாயிலை வந்தடைந்தன.

பிரான்சிய அறிவியற் கழகம் 1791 ஆம் ஆண்டில் பூமியின் துருவத்திலிருந்து மத்தியகோடு வரையுள்ள தூரத்தின் ஒருகோடியில் ஒரு பங்கே மீற்றர் என வகுத்தது. டெலாம்பர், மெஷேன் என்னும் அறிஞர் இருவர் 1792 முதல் 1798 வரை டன்கேர்க்கிலிருந்து பார்சிலோனா வரை நிலம் அளந்தனர். 1799 இல் பிளாற்றினக் கோலொன்று மீற்றரின் நியமமாயிற்று. 1875 மே 20 ஆந் திகதி பதினேழு நாடுகள் மீற்றர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. 1889 இல் பிளாற்றினமும் இரிடியமுங் கலந்த புதிய கோல் உலக நியமமாக ஏற்கப்பட்டு, அதன் படிகள் நாடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன.

இங்கிலாந்தின் யார்க்கோலுக்கு நேர்ந்தது வேறு. 1760 இல் யோன் பேர்ட் செய்த பித்தளைக் கோலை 1824 ஆம் ஆண்டுச் சட்டம் நியமமாக்கியது. அது கெடுமாயின், ஒரு விநாடிக்கு ஒருகால் ஆடும் ஊசலின் நீளத்தைக் கொண்டு மீட்டுக் கொள்ளலாம் எனவும் அச்சட்டம் விதித்தது. 1834 ஒற்றோபர் 16 ஆந் திகதி பாராளுமன்ற மாளிகை தீப்பற்றி எரிந்தபோது கோலும் அழிந்தது. ஊசலைக் கொண்டு மீட்டல் நம்பத்தக்கதன்று என ஆராய்ந்தோர் கண்டு, எஞ்சிய படிகளைக் கொண்டே புதிய வெண்கலக் கோலை ஆக்கினர். 1855 இல் அது சட்டநியமமாயிற்று. காலப்போக்கில் அதுவும் மிக நுண்ணிய அளவிற் சுருங்கி வந்தமை பின்னர் அறியப்பட்டது.

இவ்விரு கோல்களையும் ஒப்பிட்டோர் ஒரே முடிவுக்கு வந்தாரல்லர். அமெரிக்கா 1866 ஆம் ஆண்டிலேயே ஒரு மீற்றர் 39.37 அங்குலம் எனச் சட்டம் இயற்றியிருந்தது. 1893 இல் மென்டன்ஹோல் என்பாரின் ஆணைப்படி அமெரிக்க யார் மீற்றரிலிருந்தே பெறப்படலாயிற்று. அதன்படி அமெரிக்க அங்குலம் 25.4000508 மில்லிமீற்றர். 1890 களின் இறுதியில் பிரித்தானியா ஒரு மீற்றர் 39.370113 அங்குலம் எனக் கொண்டது. அதன்படி பிரித்தானிய அங்குலம் 25.399978 மில்லிமீற்றர். ஒரு மைல் தூரத்துக்கு இவ்வேறுபாடு ஏறத்தாழ 4.6 மில்லிமீற்றரே. சாலை அமைப்போனுக்கு இது பொருட்டன்று. துப்பாக்கியின் உறுப்புக்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த விழையும் தொழிற்சாலைக்கோ, அளவு பார்க்கும் மூலக்கோலே இரண்டாயிருத்தல் பெருங் குறையாயிற்று.

இக்குறையைத் தீர்க்க வழிகாட்டியவர் அரசியலாளரோ சட்ட அறிஞரோ அல்லர். சுவீடன் நாட்டு எஸ்கில்ஸ்துனா நகரத்துப் படைக்கலத் தொழிற்சாலையில் பணியாற்றிய கார்ல் எட்வார்ட் யொஹான்சன் என்னுந் தொழில்வல்லாரே அவர். 1864 இற் பிறந்த அவர், 1890 களில் ஜேர்மனியிலுள்ள துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றிற்குச் சென்று, ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி அளவுக்கட்டை வைத்திருக்கும் முறையைக் கண்டார். அத்துணைக் கட்டைகள் வேண்டா. தக்கவாறு தெரிந்த சில கட்டைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கின் வேண்டிய எவ்வளவையும் பெறலாம் எனத் தெளிந்தார். நூற்றிரண்டு கட்டைகளைக் கொண்டு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு இடைவெளியில் இருபதினாயிரம் அளவுகள் ஆக்கல் கூடும். வீட்டிலிருந்த தையல் இயந்திரத்தையே தேய்க்கும் பொறியாக மாற்றி அக்கட்டைகளை ஒப்பனை செய்தார் என்பது அவர்தம் விடாமுயற்சிக்குச் சான்று.

அங்குல நாடுகளும் அவர்தம் கட்டைகளை விழைந்தபோது யொஹான்சன் ஒரு முடிவு செய்யவேண்டியவரானார். அமெரிக்க அங்குலமா, பிரித்தானிய அங்குலமா? இரண்டுக்கும் இடைப்பட்ட 25.4 மில்லிமீற்றரை அவர் தெரிந்து கொண்டார். அது இருசாராருக்கும் பிழையே. ஆயின் எவருங் கண்டுகொள்ளவியலாத சிறு பிழை. வெப்பநிலையையும் அவர் 20 பாகை சதமம் என நிலைநிறுத்தினார். இது பற்றி ஒரு செய்தி கூறல் தகும். பிரித்தானிய யார் 62 பாகை பரனைற்றில் அளக்கப்பட்டது, அது 16.67 பாகை சதமம். உருக்கு ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 11.5 பங்கு விரியும். எனவே இவ்விரு வெப்பநிலைகளுக்கும் இடையில் ஓர் உருக்குக் கோல் பத்து இலட்சத்தில் 38 பங்கு நீளும். இரு நாட்டு அங்குலங்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடோ பத்து இலட்சத்தில் 3 பங்கே. நாடுகள் வாதிட்ட வேறுபாட்டிலும் பன்னிரு மடங்கிற்கு மேற்பட்ட பிழை, எவ்வெப்பநிலையில் அளப்பது என்னும் வினாவில் ஒளிந்திருந்தது.

யொஹான்சனின் கட்டைகள் பரவிய இடமெல்லாம் அவர்தம் அங்குலமும் பரவிற்று. பிரித்தானிய நியமங்கள் நிறுவனம் 1930 இலும் அமெரிக்க நியமங்கள் சங்கம் 1933 இலும் தொழிற்றுறைக்கு 25.4 என்னும் எண்ணை ஏற்றன. கனடா 1951 இல் யாரை 0.9144 மீற்றர் எனச் சட்டமாக்கியது. ஈற்றில் 1959 யூலை முதலாந் திகதி அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசீலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் அளவை நிலையங்களும் இதனை ஒருங்கே கைக்கொண்டன. அன்று தொட்டு அங்குலம் மீற்றரின் ஒரு கூறாயிற்று. பட்டறையில் வழங்கிய அளவு முந்திச் செல்ல, சட்டம் பிந்திச் சென்று அதனை ஏற்றுக்கொண்டது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

எண் முழுமையாகத் தீர்ந்தமையால் கடைச்சற் பொறியிலும் ஒரு நன்மை விளைந்தது. அங்குலத் திருகு கொண்ட பொறியில் மில்லிமீற்றர்ப் புரியை வெட்டவேண்டின் 25.4 ஐப் பற்சில்லுகளின் விகிதமாக ஆக்கல் வேண்டும். 25.4 என்பது 127 ஐ 5 ஆற் பிரிக்க வருவது. 127 முதன்மை எண்ணாதலின் அதனைச் சிறு சில்லுகளாகப் பகுத்தல் இயலாது. எனவே 127 பற்களுடைய சில்லொன்று இருப்பின் ஒரு முறையின் புரியை மற்றதன் பொறியில் சிறிதும் பிழையின்றி வெட்டல் கூடும். இரு அளவைகளுக்கும் இடையேயுள்ள உடன்படிக்கை ஒரு பற்சில்லின் வடிவிற் பட்டறையிலே நிற்கின்றது எனலாம்.

இங்ஙனம் கணக்குத் தீர்ந்ததெனின், இடருந் தீர்ந்ததோ எனின், தீர்ந்திலது. இதற்குச் சோவியத்து நாட்டின் வரலாறு தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரில் 1944 ஆம் ஆண்டு, ஜப்பானியரைத் தாக்கச் சென்ற அமெரிக்கப் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் மூன்று பழுதுற்று விளாடிவொஸ்ரொக் பகுதியில் இறங்கின. ஜப்பானுடன் அப்பொழுது போரில் ஈடுபடாதிருந்த சோவியத்து அரசு அவற்றைத் திருப்பிக் கொடாது வைத்துக் கொண்டது. அத்தகைய விமானமொன்றை அவ்வாறே படியெடுக்குமாறு ஸ்ராலின் ஆணையிட்டார். பொறுப்பை ஏற்றவர் அந்திரேய் துப்போலெவ். 1937 இற் கைதாகி 1941 வரை சிறைக்காவலில் இருந்தே விமானம் வரைந்தவர் அவர். ஆணையினின்று வழுவுதலின் விலையை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஒரு விமானம் உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பட்டு அளக்கப்பட்டது. அப்பொழுது தலைப்பட்ட இடர்களுள் முதன்மையானது தகட்டின் தடிப்பே. அமெரிக்க விமானத்தின் புறத்தகடு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு, 1.5875 மில்லிமீற்றர். கணக்கில் ஐயமில்லை. ஆனால் அத்தடிப்பில் அலுமினியத் தகடு உருட்டும் ஆலை சோவியத்து நாட்டில் இல்லை. அங்கு தகடுகள் யாவும் மில்லிமீற்றர் அளவுகளிலேயே உருட்டப்பட்டன. 1.5 மில்லிமீற்றர்த் தகட்டைக் கொள்ளின் தடிப்பு நூற்றுக்கு 5.5 பங்கு குறையும். வளைவை எதிர்க்கும் வன்மை தடிப்பின் கனத்தைப் பொறுத்ததாதலின் அது நூற்றுக்குப் பதினாறு பங்களவு குறைந்துவிடும். 2 மில்லிமீற்றர்த் தகட்டைக் கொள்ளின் புறத்தகட்டின் நிறை நூற்றுக்கு 26 பங்கு கூடும். செல்லுந் தூரமும் சுமக்குங் குண்டும் குறையும். மெலியின் உடையும்; தடிப்பின் பறவாது.

துப்போலெவின் குழுவினர் ஒரேயோர் எண்ணைத் தேடி இடர்ப்படவில்லை. ஒவ்வோரிடத்திலும் தகடு தாங்கவேண்டிய சுமையை மீண்டுங் கணித்தனர். சுமை மிகுந்த இடத்தில் சற்றுத் தடித்ததும் குறைந்த இடத்தில் சற்று மெல்லியதுமாக, 0.8 முதல் 1.8 மில்லிமீற்றர் வரை இடத்துக்கேற்பத் தகடுகளைத் தெரிந்தனர். து-4 எனப் பெயரிய அவ்விமானம் 1947 மே 19 ஆந் திகதி முதன்முதலாகப் பறந்தது. அதே ஆண்டு ஓகஸ்டு 3 ஆந் திகதி மொஸ்கோவில் மக்கள் காணப் பறந்தது. வெற்று நிறை மூலவிமானத்தினும் ஏறத்தாழ 340 கிலோகிராம், அதாவது நூற்றுக்கு ஒரு பங்கே கூடியது. ஒவ்வோர் உறுப்பையும் ஒப்பப் படியெடுத்தனர் எனப் புகழப்பட்ட அவ்விமானம் உண்மையில் தகட்டுக்குத் தகடு புதிதாகக் கணிக்கப்பட்டதாகும்.

இவ்விடத்து ஒரு வியப்பும் உண்டு. உருசிய நாடு மீற்றர் முறையை 1918 இலேயே ஏற்றது. அதற்கு முன்னர் அங்கு வழங்கிய அங்குலம் ஆங்கில அங்குலமே. 1891 ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்கு மூன்று கோட்டுத் துப்பாக்கி எனப் பெயர். ஒரு கோடு என்பது அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு. அம்மூன்று கோடுகளே மில்லிமீற்றரில் 7.62 என ஆகி, அந்நாட்டுப் படைக்கலங்களில் நெடுங்காலம் நிலைத்தன. அளவையின் பெயர் மாறிற்று, அளவு மாறிற்றிலது.

ஈழநாட்டிலும் இவ்வாறான எச்சம் உண்டு. தச்சரும் மேசன்மாரும் வழங்கும் நூல் என்னும் அளவு அரைக்கால் அங்குலமாகும். எட்டு நூல் கொண்டது ஓர் அங்குலம். 1970 களில் இலங்கை மீற்றர் முறைக்கு மாறியது. கட்டடங்களுக்குரிய உருக்குக் கம்பிகள் 6, 10, 12, 16 மில்லிமீற்றர் என வரலாயின. மக்கள் வழக்கிலோ நாலு நூற்கம்பி என்னும் பெயர் 12 மில்லிமீற்றர்க் கம்பிக்கு ஏறிற்று. நாலு நூல் என்பது அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். வேறுபாடு முக்கால் மில்லிமீற்றருக்குங் குறைவு, கண்ணுக்குத் தோன்றாது. ஆயின் கம்பியின் வலிமை விட்டத்தைப் பொறுத்ததன்று. குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. 12.7 மில்லிமீற்றர்க் கம்பியின் பரப்பு 126.7 சதுர மில்லிமீற்றர்; 12 மில்லிமீற்றர்க் கம்பியின் பரப்பு 113.1. நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேற்பட்ட உருக்கு மறைந்துவிட்டது. பழைய வரைபடத்தில் பத்து நாலு நூற்கம்பிகள் குறிக்கப்பட்டிருப்பின், அதே தர உருக்காயின் 12 மில்லிமீற்றர்க் கம்பி பதினொன்று போதா; பன்னிரண்டு வேண்டும். பெயரை நம்பிப் பத்தையே இடுவோன் கொங்கிறீற்றுத் தளத்தின் வலிமையைத் தானறியாமலே குறைக்கின்றான்.

மூன்று நூற்கம்பியில் நிலைமை மாறானது. அது 9.525 மில்லிமீற்றர், அதன் இடத்தில் வரும் 10 மில்லிமீற்றர்க் கம்பி நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடிய பரப்புடையது. ஒன்றில் இழப்பு, ஒன்றில் மிகை. பெயர் இரண்டையும் ஒருங்கே மறைக்கின்றது.

இவற்றால் பெறப்படுவது யாது? ஓரளவையை மற்றோரளவையாக மாற்றுவதில் இருவேறு செயல்கள் அடங்கியுள்ளன. எண்ணை எண்ணாக மாற்றுதல் ஒன்று, 25.4 ஆற் பெருக்க அது முடியும். கிடைக்கும் பொருளுள் எது முன்னைய பொருளின் பணியைச் செய்யும் எனத் தெரிதல் மற்றொன்று. அதற்குப் பொருளின் வேலையை அறிதல் வேண்டும். முன்னதை அடைய உலகுக்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் சென்றது. பின்னதை ஒவ்வொரு வரைபடத்திலும் ஒவ்வொரு பட்டறையிலும் புதிதாகவே செய்தல் வேண்டும். அங்குலத்திலோ மில்லிமீற்றரிலோ எழுதப்பட்ட எண்ணின் பின்னால் சுமை தாங்கும் தகடொன்றும் அதனை நம்பி வாழும் மாந்தரும் உளர் என்பதை அளப்போர் மறவாதிருத்தல் கடனாம்.